தூரத்தை உண்டாக்குவது யார்?

2014 மே மாதம் மும்பையின் லோயர் பரேலில் இருந்த ஓர் உணவகம், ஆளில்லா விமானத்தில் பீட்சா ஒன்றை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒர்லி அடுக்குமாடிக் கட்டடத்திற்கு அனுப்பியது. செய்தித்தாள்கள் வியந்தன, காவல்துறை விளக்கம் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பொதுமக்கள் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடத் தடை வந்தது. 2021ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டன. ஆயினும் மொட்டைமாடியில் இறங்கிய பொட்டலத்தை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்பவர் யார் என்ற கேள்வியை எந்த விதியும் தீர்க்கவில்லை.

தானியங்கிச் சரக்கு விநியோகம் புதிய கனவன்று. இலண்டனில் பாடிங்டன் முதல் வைட்சாப்பல் வரை ஓட்டுநரில்லா அஞ்சல் இரயில்கள் 1927இலேயே நிலத்தடியில் ஓடின. சாலை வழியைவிடச் செலவு மிகுந்ததால் 2003இல் நின்றன. இயந்திரம் நடுவழியை எளிதாகக் கடந்தது. இரு முனைகளிலும் மூட்டைகளை ஏற்றி இறக்கியவை மனிதக் கைகளே.

மும்பையின் டப்பாவாலாக்களை இந்த வெளிச்சத்தில் காண்பது நலம். 1890இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டை மேலாண்மைப் பள்ளிகள் 'ஆறு சிக்மா' என்று புகழ்ந்து சலித்துவிட்டன. அந்தப் பட்டத்தைவிட டப்பாவின் மூடி சுவையானது. நடுவிலுள்ள பெரிய எண் சேரவேண்டிய பகுதியைச் சொல்லும். ஓரத்து எழுத்துகளும் எண்களும் கட்டடத்தையும் மாடியையும் ஒப்படைப்பவரையும் சொல்லும். புறப்பட்ட நிலையத்திற்கும் தனிக் குறி உண்டு. செம்பூர் வீடொன்றில் கட்டிய சாப்பாடு கோட்டைப் பகுதி அலுவலகத்தை அடைவதற்குள் பல கைகள் மாறும். பெருந்தொலைவை உள்ளூர் மின்ரயில் கடந்துவிடும். அதாவது இங்கே இயந்திரம் முன்பே இருக்கிறது. மனிதர் அதன் இரு முனைகளில் நிற்கிறார்கள். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது டப்பாக்களும் நின்றுபோயின.

முனைகள் எத்தகையவை என்பதை அறியத் தாராவிக்குள் நுழைய வேண்டும். தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், எதிரெதிரே வரும் இருவர் தோள் சாய்த்தே கடக்கும் சந்துகள். மேலே தொங்கும் மின்கம்பிகள், காலடியில் சாக்கடைப் பலகைகள். சக்கரம் வைத்த எந்த எந்திர வண்டியும் அங்கே முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்தச் சந்துகளிலிருந்துதான் விடியற்காலையில் தமிழர் அவித்த இட்லி, அலுமினியப் பாத்திரங்களில் சைக்கிளேறி மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் புறப்படுகிறது. விற்பவருக்கு வாடிக்கையாளரின் பசி நேரம் தெரியும். எவருக்கு மாதக் கடைசியில் கடன் கொடுக்கலாம் என்பதும் தெரியும். பின்னதை மென்பொருளில் எழுதுவது சற்றுக் கடினம்!

அந்த இட்லி மலிவாக இருப்பதற்குக் காரணம் விநியோகத் திறமை மட்டுமன்று. சமைக்கும் அடுப்பும் தின்னும் வாயும் பத்துப் பதினைந்து நிமிடச் சைக்கிள் தொலைவில் உள்ளன. நகர்ப்புற விநியோகம் பற்றிய ஆய்வுகள் பலவும் தூரத்தை இயற்கை தந்ததாக எடுத்துக்கொண்டு, அதைக் கடக்கும் கருவியை மட்டுமே மதிப்பிடுகின்றன. ஆனால் தூரம் திட்டங்களால் உண்டாவது.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தோருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மேல்தளவாசிகளுக்கு வெளியே வாடகை வீடு என்பது ஏற்பாடு. அதற்கென 2024இல் மாநில அரசு காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பள நிலங்களை ஒதுக்கியது. முலுண்டிலிருந்து மாட்டுங்கா ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கே குடியேறும் இட்லிக்காரரைச் சைக்கிள் காப்பாற்றாது. அகன்ற சாலையும் மின்தூக்கியும் கொண்ட புதிய குடியிருப்பில் தானியங்கி வண்டி தடையின்றி ஓடக்கூடும். அது சுமந்து வருவது பெரும்பாலும் வேறெவரோ சமைத்த உணவாகவே இருக்கும்.

அவ்வண்டியின் ஓட்டச் செலவைக் கணக்கிடுவோர், அந்த 20 கிலோமீட்டரை எந்தப் பற்றில் எழுதப்போகிறார்கள்?