எக்ஸ்பர் விழுங்கின 13 மணித்தியாலம்

என்ர பழைய லப்டொப்பில லினக்ஸ்தான் ஓடுது. கணக்குப் பார்க்க கல்குலேட்டர் திறக்கிறதில்லை. கறுப்புத் திரையில "எக்ஸ்பர்" எண்டொரு கட்டளை இருக்கு, அதுதான். யாழ்ப்பாணக் கம்பஸில கணினி படிக்கேக்க பழகினது. 2006 ஓகஸ்டில ஏ-9 பாதை பூட்டுப்பட, படிப்பும் அரைவாசியில நிண்டுபோச்சு. இப்ப பாரிசில ஒரு றெஸ்ரோரண்ட் குசினியில நிக்கிறன்.

பாவிச்ச ஆக்களுக்குத் தெரியும், எக்ஸ்பர் ஒரு பிடிவாதக்காரன். "எக்ஸ்பர் 2 + 3" எண்டு இடைவெளி விட்டு அடிச்சால் 5 எண்டு சொல்லும். இடைவெளி இல்லாமல் "2+3" எண்டு அடிச்சால் அதை வெறும் எழுத்தெண்டு நினைச்சு "2+3" எண்டே திருப்பித் தரும். பெருக்கல் இன்னும் மோசம். தனிய * போட்டால், அந்த இடத்தில இருக்கிற கோப்புகளின்ர பேரெல்லாம் வந்து விழுந்து பிழை காட்டும். முன்னுக்கு ஒரு சாய்கோடு போட்டு \* எண்டு அடிக்கவேணும். இந்தப் பிழையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழை ஒண்டு இருக்கு.

எங்கட முதலாளி, "நீர் கம்பஸ் படிச்சனீர்தானே" எண்டு பொடியளின்ர வேலை நேரத்தைக் கூட்டுற வேலையை என்னட்டத் தந்திருந்தார். ஒரு நாளைக்கு 570 நிமிசம், மாசம் 26 நாள். நான் அடிச்சது இதுதான்:

எக்ஸ்பர் 570 / 60 \* 26

விடை 234. எட்டு மாசமாய் இப்பிடித்தான் குடுத்தன்.

போன மாசம் கோப்பை கழுவுற பொடியன் ஒரு பில்லின்ர பின்பக்கத்தில பேனையால எழுதிக்கொண்டு வந்தான். "அண்ணை, எனக்கு 247 வருது. 13 மணித்தியாலம் எங்க போனது?"

"கொம்பியூட்டர் பிழை விடாது தம்பி" எண்டு சொல்லிப்போட்டன். வீட்ட வந்து படுத்தால் நித்திரை வரேல்லை. எழும்பி அதே இலக்கங்களை மாத்தி அடிச்சன்:

எக்ஸ்பர் 570 \* 26 / 60

247.

எக்ஸ்பருக்குத் தசமம் தெரியாது. ஒம்பதரையை ஒம்பது எண்டு வெட்டிப்போட்டுத்தான் 26 ஆல பெருக்கினது. நாளுக்கு அரை மணித்தியாலம், 26 நாளைக்கு 13. வெட்டின துண்டையும் அது ஒளிக்கிறதில்லை. "எக்ஸ்பர் 570 % 60" எண்டு கேட்டால் 30 எண்டு உடனே சொல்லும். நான்தான் கேக்கேல்லை. முதலாம் வருசத்திலேயே படிச்ச விசயம் இது: முதல் பெருக்கு, பிறகு பிரி.

அடுத்த நாள் பொடியனிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு முதலாளியிட்டப் போனன். அந்த மாசத்து 13 மணித்தியாலத்துக்குக் காசு தந்தார். முந்தின மாசங்களைக் கதைக்க, "அப்ப நீர் தந்த கணக்குக்குத்தானே குடுத்தனான்" எண்டார்.

அது உண்மைதான். அந்தத் துண்டுகளில இருக்கிறது என்ர கையெழுத்து. பொடியனுக்கு நான் இப்ப மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுத்துக்கொண்டு வாறன்.