மின்னாத மீன்கள்

குடிபாலாவில் பகல் ஒரு மணி. வேலூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் ஆந்திர ஊர். டீக்கடைப் பலகை தெலுங்கில், பேச்சு தமிழில். தூரத்தில் வரும் லாரி தார்ச்சாலையின் வெக்கையில் நெளிந்து, சக்கரமே இல்லாமல் மிதப்பதுபோல் தெரிகிறது.

வானியலாளர்களின் நெடுங்காலக் கவலை இந்த நெளிவுதான். சூடும் குளிருமான காற்றடுக்குகள் நட்சத்திர ஒளியையும் இப்படித்தான் அலைக்கழிக்கின்றன. இரவில் அது மின்னுவது அதனால்தான். மின்னுவதால் அதைத் தமிழ் மீன் என்றது என்பார்கள். தொலைநோக்கி வைத்திருப்பவருக்கோ அந்த அழகு பெருந்தொல்லை.

குடிபாலாவை நடுவில் வைத்தால் இந்தக் கதை இரண்டு பக்கமும் விரிகிறது. தெற்கே வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறினால் காவலூர். வடக்கே சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி, சூலூர்பேட்டை என்று போனால் ஸ்ரீஹரிகோட்டா. முதலாவது, தரையில் நின்று வானத்தைப் பார்க்கும் இடம். மற்றது, பார்க்கும் கருவியையே மேலே அனுப்பிவிடும் இடம்.

காவலூர் மலையைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இங்கே செயல்படத் தொடங்கியது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982இல் இறந்துவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1990இல், அமெரிக்கா ஹப்பிளை ஏவியது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர். காவலூர்க் கண்ணாடியைவிட ஆறு சென்டிமீட்டர்தான் பெரிது! ஆனால் அது நிறுத்தப்பட்ட உயரம் சுமார் 600 கிலோமீட்டர். கண்ணாடியைத் தேய்த்ததில் நேர்ந்த பிழையை 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்த பிறகு, மின்னாத நட்சத்திரங்களை உலகம் படத்தில் பார்த்தது. ஏறக்குறைய அதே அளவுக் கண்ணாடியோடு காவலூர் மழைக்கால மேகம் விலகக் காத்திருக்கிறது. அடிவார ஊர்களின் விளக்கு வெளிச்சத்தோடும் மல்லுக்கு நிற்கிறது.

வடக்கே போகிறவர்கள் சித்தூர் - திருப்பதி சாலையில் காதங்கியைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். அங்கே 1,024 ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக வானத்தை நோக்கி நிற்கின்றன. காற்று மண்டலத்தின் அசைவுகளை அளக்கும் ரேடார் அது. வானியலாளர் தப்பிக்கத் துடிக்கும் காற்றே இங்கே ஆராய்ச்சிப் பொருள்.

அந்தக் காற்று ஒளியைக் கலைப்பதோடு நிற்பதில்லை, சிலவற்றை அடியோடு தடுத்தும்விடுகிறது. புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியும் எக்ஸ் கதிர்களும் தரைக்கு வருவதே இல்லை. (வந்தால் நாம் இருக்க மாட்டோம் என்பது வேறு விஷயம்.) எக்ஸ் கதிர்களைப் பிடிக்க நம் விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் ஹைதராபாத்திலிருந்து ராட்சத பலூன்களில் கருவிகளை அனுப்பினார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அஸ்ட்ரோசாட் கிளம்பியது. வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்வெளி ஆய்வகம். அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றது காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். மலையில் கற்ற தொழில் மேலே போயிற்று என்று சொல்லலாம்.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடிகள் இரண்டும் தலா 37.5 சென்டிமீட்டர்தான், தாம்பாளம் அளவு. ஆனால் 2016 அக்டோபரில் ஒரே திசையில் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் கடும் புறஊதா ஒளியை அது பிடித்தது. அதே பகுதியைத் துருவிய ஹப்பிளுக்கு அந்த ஒளி சிக்கவில்லை. பெரிய கண்ணாடி இருந்தும், அதன் கருவியில் கலந்த இரைச்சல் மங்கலான ஒளியை மூடிவிட்டது. புனே விஞ்ஞானிகளின் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2020இல் வெளியானது.

திரும்பும் வழியில் குடிபாலாவில் மறுபடியும் டீ. "ராத்திரியில ராக்கெட்டு விட்டா எங்க மொட்டை மாடியிலேர்ந்தே தெரியும் சார்" என்கிறார் கடைக்காரர். அஸ்ட்ரோசாட்டைப் பற்றிச் சொன்னதும் கேட்டார்: "அது கெட்டுப்போனா யாரு போய்ப் பாக்கறது?"

யாராலும் போக முடியாது. 2018இல் அதன் புறஊதாக் கருவியின் மூன்று கண்களில் ஒன்று மூடிக்கொண்டது. மூடியது மூடியதுதான். ஐந்தாண்டு ஆயுள் என்று அனுப்பிய கலம், மிச்சமிருந்த கண்களோடு 2025இல் பத்தாண்டுகளை நிறைவு செய்தது. காவலூரில் கண்ணாடி மங்கினால், கழற்றி இறக்கி, அலுமினியம் பூசி, மறுபடி தூக்கி வைத்துவிடுகிறார்கள்.