ஜெயித்தவர் செலவு

கள்ளக்குறிச்சி துருகம் சாலை, மாடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். மேசைமேல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு போட்ட ஆணை. கடைசிப் பத்தியில் விரலை வைக்கிறார் ஆடிட்டர்.

"ஜெயிச்சிட்டோம்ணே."

புளி மண்டிக்காரர் முகத்தில் சிரிப்பில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பிரிக்கிறார்.

கல்வராயன் மலையில் புளி வாங்கி, மரத்துக்காரர் கையிலேயே ரொக்கம் கொடுத்தவர் இவர். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால், வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். விளைவித்தவரிடமே வாங்கினால் 6டிடி விதி விலக்குத் தருகிறது. விற்றவர் விளைவித்தவர்தான் என்று நிரூபிக்கத்தான் இத்தனை வருஷம்.

நோட்டை வாசிக்கிறார். தீர்ப்பாயக் கட்டணம் 10,000. வக்கீல் ஃபீஸ். நோட்டரி. சென்னை பஸ், சாப்பாடு.

"இதெல்லாம் திரும்பி வருமா சார்?"

"முன்கூட்டிக் கட்டின வரி வரும். அரை வட்டியும் வரும். இது வராதுண்ணே. வியாபாரச் செலவுல எழுதிக்கலாம்."

"தப்பு வரித் துறையோடதுன்னு ஆயிடுச்சே?"

"செலவை யார் தரணும்னு சொல்ற அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கு. பிரிவு 254(2பி). அது அவங்க இஷ்டம். நம்ம ஆர்டர்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல."

அந்த ஒரு வரி இருந்திருக்க வேண்டும். செலவு கிடையாது என்றால், ஏன் கிடையாது என்றாவது எழுதியிருக்க வேண்டும். கேட்டது நியாயம் என்று தெரிந்த பிறகும் கேட்டவர் தலையிலேயே செலவைக் கட்டுவது எந்த ஊர் வழக்கம்?

கதவோரப் பெஞ்சில் வெள்ளிமலைப் பெரியவர் ஒருவர். விற்றது தன் மரத்துப் புளிதான் என்று பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர். விரல் இடுக்கெல்லாம் புளிக் கறை. மண்டிக்காரர் அவர் பக்கம் திரும்புகிறார்.

"கவுண்டரே, அன்னிக்கு எத்தனை நாள் வேலை கெட்டுச்சு?"

"ரெண்டு நாளுங்க. புளி உலுக்குற நேரம். கச்சிராயபாளையத்துல பஸ்ஸ விட்டுட்டு ராத்திரி அங்கயே படுத்துட்டேன்."

இது நோட்டில் இல்லை. ஆணையில் வந்திருக்கவே வழியில்லை. அவர் கட்சிக்காரர் அல்ல, வெறும் சாட்சி. அலுவலகம் ஒரு சந்தேகத்தை எழுப்பினால், அதைத் தீர்க்க மலையிலிருந்து இறங்கி வருபவனின் கூலியை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"ஐகோர்ட் போவாங்களா?"

"2 கோடி வரிக்குக் கீழ துறை பொதுவா போகாதுண்ணே. முடிஞ்சுது."

மண்டிக்காரர் நோட்டில் இன்னொரு வரி எழுதுகிறார்: பெரியவர், இரண்டு நாள் கூலி. எழுதிவிட்டு, பணத்தை எண்ணத் தொடங்குகிறார்.