வாய் திறந்து உறங்கிய பிள்ளை

நம் சங்க இதழில் எழுதுவோரில் பலர் கற்றறிந்தோர். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கரக்பூர் பார்சல் ஆபீசில் ரசீதுகளோடு காலந்தள்ளும் குமாஸ்தா. ஆயினும் என் இரு குழந்தைகளின் தொண்டையும் மூக்கும் எனக்குக் கற்பித்ததைச் சிறு பிள்ளைகளையுடைய அன்பர்களுக்குச் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை.

மூத்தவள் பெண். அவளுக்கு ஆறு வயதாயிருந்தபோது ஒரே ஆண்டில் மூன்று முறை தொண்டை வலியும் சுரமும் வந்தன. நாங்கள் முதலில் சென்ற வைத்தியர் விளக்கை அடித்துப் பார்த்தார். "இரு டான்சில்களும் நெல்லிக்காய் அளவு இருக்கின்றன, வெட்டி எடுத்துவிடுங்கள்" என்று தேதியும் குறித்துவிட்டார். என் மனைவி அன்றிரவு உண்ணவில்லை. ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில், "உள்நாக்குக்கெல்லாம் கத்தி வைப்பாகளா, ஐயா?" என்று அழுதார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தொண்டையில் எது வீங்கினாலும் அது உள்நாக்குதான்! உப்பைத் தொட்டு விரலால் தூக்கிவிடுவதே அங்கே வைத்தியம். உள்நாக்கு என்பது நடுவில் தொங்குவது. டான்சில் அதன் இருபுறமும் இருப்பது. அடினாய்டு மூக்கின் பின்னே, அண்ணத்துக்கு மேலே, வாயைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது. இதெல்லாம் அன்று எனக்கும் தெரியாது.

உடன் வேலை செய்யும் வங்காளி நண்பர் ஒருவர் வேறொரு டாக்டரிடம் அழைத்துச் சென்றார். அவர் விளக்கை எடுக்குமுன் கணக்கைக் கேட்டார். ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து ஈராண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்றாண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தாலன்றி, அந்தக் காரணத்துக்காகக் கத்தியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்றார். "பெரிதாயிருக்கிறதே, ஐயா?" என்றேன். "ஆறு வயதில் பெரிதாகத்தான் இருக்கும்" என்றார் அவர்.

அதன் காரணத்தை அவர் சொல்லியும், பிறகு நானே தேடிப் படித்தும் அறிந்தேன். மூக்கும் வாயும் தொண்டையில் கூடுமிடத்தில், நோய்க்கிருமிகளை இனங்காணும் சதைகள் ஒரு வளையம்போல் அமைந்துள்ளன. 1884-இல் இவ்வளையத்தை விவரித்த ஜெர்மானிய அறிஞர் வால்டயரின் பெயராலேயே அதனை அழைக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு இச்சதைகள் மிகச் சிறியவை. பிறகு குழந்தை தவழ்ந்து, மண்ணைத் தின்று, பள்ளிக்குப் போய், நாள்தோறும் புதுப்புதுக் கிருமிகளைச் சந்திக்கிறது. புதிய முகங்கள் மிகும் நாளில் டிக்கெட் பரிசோதகருக்கு வேலை மிகுவதுபோல, இவற்றுக்கும் வேலை மிகுந்து பருக்கின்றன. அடினாய்டு ஏறக்குறைய மூன்று முதல் ஏழு வயதிலும், டான்சில் நான்கு முதல் எட்டு வயதிலும் மிகப் பெரிதாகத் தோன்றும். அவ்வயதில் தொண்டையோ இன்னும் சிறியது; ஆகையால் அடைப்பு அதிகம். பின்னர் முகமும் தொண்டையும் வளர, சதை சுருங்கத் தொடங்குகிறது. பருவமெய்தி வளர்ந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அடினாய்டு இருந்த சுவடே அரிது.

இது தெரியாமல் எத்தனை பிள்ளைகளின் தொண்டையில் கத்தி வைத்திருக்கிறார்கள்! 1934-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்துத் திகைத்தேன். நியூயார்க்கில் பதினொரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் நூற்றுக்கு 61 பேருக்கு முன்பே டான்சில் எடுத்தாயிற்று. மீதிப் பேரைப் பார்த்த டாக்டர்கள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எடுக்கவேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று அவர்கள் விட்டவர்களை வேறு டாக்டர்களிடம் காட்ட, அவர்களும் பாதிப் பேரைச் சுட்டினார்கள். அதிலும் எஞ்சியவர்களை மீண்டும் காட்ட, அப்போதும் ஏறத்தாழப் பாதி! கடைசியில் ஒருவர் கையிலும் சிக்காதவர்கள் 65 பேரே. எங்கள் ஆபீசில் இப்படி எடை போட்டால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சென்ற மாதம் டாக்டர் டான்சிலைத் தேடித்தான் பார்த்தார்.

இந்த வெற்றியே எனக்குக் கண்ணை மறைத்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஈராண்டுகளுக்கு முன் ஐந்து வயதாயிருந்த என் மகன் வாயைத் திறந்துகொண்டே உறங்குவான். பெரியவர்களைப்போல் குறட்டை விடுவான். சில சமயம் குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறி எழும். "என்னங்க, இவனைக் காட்டிவிடலாமே" என்று மனைவி சொன்னபோதெல்லாம், "வளர்ந்தால் சுருங்கிவிடும், உன் மகளைப் பார்க்கவில்லையா?" என்று பெரிய பண்டிதனைப்போல் பேசினேன். பள்ளியில் அவன் பாடத்தைக் கவனிப்பதில்லை என்று புகார் வந்தது. வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒருநாள் நான்கு முறை அழைத்தும் அவன் பதில் சொல்லாமல் பொம்மை ரயிலை ஓட்டிக்கொண்டிருக்க, ஆபீஸ் களைப்பில் வந்த நான் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. யார் அடித்தது என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை என்னை இன்னும் விடவில்லை.

அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அன்பர்களே! மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் செல்கிறது. அதன் வழியே காதுக்குள் காற்று போகவேண்டும். குழந்தைகளுக்கு அக்குழாய் குட்டையானது, சாய்வும் குறைந்தது. அதன் வாயருகே அடினாய்டு பருத்து நின்றால் காற்று தடைப்பட்டு, நடுக்காதில் பிசின்போல் நீர் கோத்துக்கொள்ளும். பிள்ளை தண்ணீருக்குள் மூழ்கியவன்போல் உலகத்தைக் கேட்கிறான். கோபன்ஹேகனில் மேயர் என்ற டாக்டர், இச்சதை மூச்சையும் செவியையும் கெடுக்கும் என்று 1868-லேயே எழுதிவிட்டார்.

இம்முறையும் அதே டாக்டர்தான். காதில் கோத்த நீர் பலருக்கு மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும் என்று பொறுக்கச் சொன்னார். மூச்சடைப்பும் சிலருக்குத் தானே தெளியும். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உறக்கத்தில் மூச்சடைத்த ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளைச் சிகிச்சை செய்யாமல் ஏழு மாதம் கவனித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சோதனையில் சரியாகியிருந்தது. அறுவை செய்தவர்களுள் சரியானவர்கள் நூற்றுக்கு 79 பேர். இந்த எண்களை வைத்துக்கொண்டு நானும் நாட்களை எண்ணினேன். என் மகன் நல்ல பாதியில் இல்லை. மூன்று மாதம் கழிந்தும் செவிச் சோதனையில் கோடு கீழேயே கிடந்தது. இரவில் மூச்சு நிற்பதும் குறையவில்லை. "சுருங்கும் என்பது மெய்தான், ஆனால் இவன் எழுத்தும் பேச்சும் கற்கும் வயது அதுவரை காத்திராதே" என்றார் டாக்டர். அடினாய்டை எடுத்து, காதின் நீரையும் அகற்றினார்கள். அதை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமோ என்று கேட்டேன். அவ்வேலையைச் செய்ய உடலில் வேறு இடங்கள் பல உண்டு என்றார். அறுவைக்கூடத்துக் கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

வீடு திரும்பிய பத்தாம் நாள் இரவு, பக்கத்தில் சத்தமே இல்லாததால் பயந்து எழுந்து விளக்கைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் மாலை அடுக்களையிலிருந்து மெல்லிய குரலில் அவன் பெயரைச் சொன்னேன். கூடத்திலிருந்து, "என்னப்பா?" என்றான். எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.