மெழுகுக்கு ஒரு விலை, கைக்கு ஒரு விலை

அன்புள்ள மாதனூர் மக்களுக்கு,

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. ஜெர்மனியில் நான் இருக்கும் பிர்மசென்ஸில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஆனாலும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, பெண்கள் மெழுகுவத்தி அலங்கரிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு விளக்கெல்லாம் அணைத்து, வெளியே மூட்டிய புதுத் தீயில் பாஸ்கா மெழுகுவத்தியை ஏற்றி, அதிலிருந்து ஆளுக்கு ஆள் சுடர் வாங்கிக்கொள்வது நம் வேலூர் மறைமாவட்டத்துக் கோயில்களிலும் உண்டு. ஊரில் நம் கையில் இருப்பது கடையில் வாங்கிய வெள்ளை மெழுகுவத்தி. இங்கே பல வீடுகளில் அவரவர் கையால் அலங்கரித்த மெழுகுவத்தியைக் கொண்டுவருகிறார்கள்.

வேலை பார்க்க எளிது. வெற்று மெழுகுவத்தி ஒன்று, காகிதம்போல மெல்லிய வண்ண மெழுகுத் தகடுகள், கூர்மையான சிறு கத்தி, அவ்வளவுதான். சிலுவை, அல்பா, ஒமேகா, வருஷத்தின் நான்கு எண்கள் எல்லாவற்றையும் தகட்டில் வெட்டி எடுக்க வேண்டும். பசை கிடையாது. வெட்டிய துண்டை உள்ளங்கையில் வைத்து இளகவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். கை சில்லிட்டிருந்தால் தகடு ஒடிந்துவிடும். நம்மூர் ஏப்ரல் வெயிலிலோ வெட்டுவதற்குள் குழைந்து கத்தியில் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, ஐந்து திருக்காயங்களுக்கு ஐந்து சிவப்புப் பொட்டுகள்.

பிள்ளைகளுக்கு முட்டை ஓட்டு மெழுகுவத்தி. ஓட்டின் தலையை மட்டும் உடைத்துக் கழுவிக் காயவைத்து, குச்சியில் கட்டிய திரியை நடுவில் தொங்கவிட்டு உருக்கிய மெழுகை ஊற்றுவார்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடி போட்டு அணைக்க வேண்டும். வாட்டர் கலர் மெழுகில் கரையாது, எண்ணெயில் கரையும் சாயம் வேண்டும். ஆறும்போது மெழுகு சுருங்கி, திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதை நிரப்ப இரண்டாம் முறை ஊற்றுவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள்.

என் பக்கத்தில் உட்காரும் பாட்டி ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். கத்தியை நகர்த்தாமல் தகட்டைத் திருப்பித் திருப்பி அவர் வளைவு வெட்டுவதைப் பார்த்தால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். இந்த ஊரும் ஷூவால் பிழைத்த ஊர்தான். 1790இல் இங்கே ஆண்ட சிற்றரசர் இறந்ததும் அவருடைய பட்டாளம் கலைந்தது. பிழைப்பு இழந்த சிப்பாய்கள் வீட்டில் செருப்புத் தைக்க, பெண்கள் அதைச் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார்கள். அந்தத் தொழிலால் வளர்ந்த ஊர் பின்னால் ஜெர்மன் ஷூத் தொழிலின் தலைநகர் என்று பெயர் எடுத்தது. இப்போது பெரும்பாலான கம்பெனிகள் மூடிக் கிடக்கின்றன. வேலை நம் பக்கம் போன்ற இடங்களுக்கு வந்துவிட்டது.

ஆம்பூரைச் சுற்றியுள்ள வீட்டுத் திண்ணைகளில் ஊசியும் நூலுமாக ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்தான். பி.எஃப். இல்லை, விரலில் ஊசி ஏறினால் செலவும் அவர்களுடையதே. அந்த ஷூ ஐரோப்பியக் கடைக்கு வரும்போது, கையால் தைத்தது என்பதே அதற்கு விலையைக் கூட்டுகிறது. தைத்த கைக்கு அந்தக் கூடுதல் போய்ச் சேருவதில்லை.

இங்கே குருத்து ஞாயிறன்று கோயில் வாசலில் இதே மெழுகுவத்திகளை விற்கிறார்கள். எண் கோணலாக ஒட்டியிருந்தாலும் யாரும் பேரம் பேசுவதில்லை. கைவேலை என்றால் ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். செய்தவர் எதிரிலேயே நிற்கிறார், அதனால் தெரிகிறது. திண்ணையில் தைப்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு கைக்கும் திறமையில் குறைவில்லை. செய்தவர் கண்ணில் படுகிறாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

நம் பக்கத்தில் சுயஉதவிக் குழுக்கள் மெழுகுவத்தித் தொழிலில் இறங்கினால், அக்காமாருக்கு என் ஒரே யோசனை இது. விலை போடும்போது மெழுகு, திரி, சாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உட்கார்ந்த நேரத்தையும் நோட்டில் எழுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வயல் கூலிகூடத் தேறவில்லை என்றால் அந்த ஆர்டரை வாங்காதீர்கள், எவ்வளவு பெரிய கடை கேட்டாலும் சரி.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்