மடியே மேசை

நுழையும்முன்

ஒரு பொருளை வாங்குவது எளிது, தேர்ந்தெடுப்பது அரிது. கையிருப்புச் சிறிதாக இருக்கும் வீட்டில் அந்தத் தேர்வே ஒரு பாடமாக அமைந்துவிடும். மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று மடிக்கணினி வாங்கிய செய்தியை இப்பாடம் கூறுகிறது.

'மடிக்கணினி' என்னும் சொல்லில் இரு பொருள்கள் அடங்கியுள்ளன. மடித்து வைக்கத்தக்கது என்பது ஒன்று. மடியில் வைத்து இயக்கத்தக்கது என்பது மற்றொன்று. மேசையும் நாற்காலியும் உள்ள வீடுகளில் இரண்டாம் பொருள் பெயரளவில் நின்றுவிடுகிறது. மேசை போட இடமில்லாத வீட்டில்தான் அச்சொல் தன் முழுப்பொருளையும் பெறுகிறது. அத்தகைய வீடுகள் தாராவியில் மிகுதி.

மாஹிமுக்கும் சயானுக்கும் இடையே, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் அமைந்தது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் முதலே திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் இங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். பதனிடும் தொழிற்கூடங்கள் பின்னர் இடம்பெயர்ந்தன. எனினும், தோலைக் கொண்டு பைகளும் இடைவார்களும் செய்யும் பட்டறைகள் இன்றும் இயங்கிவருகின்றன. அத்தகைய பட்டறை ஒன்றில் பை தைப்பவர் இப்பாடத்தில் வரும் தந்தை. அலுவலகத்தார் தோளில் மாட்டிச் செல்லும் மடிக்கணினிப் பைகளை ஆயிரக்கணக்கில் தைத்தவர் அவர். ஆனால், அப்பைக்குள் வைக்கும் பொருள் அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

வீடு என்பது ஓர் அறையும் அதன்மேல் ஒரு மச்சும்தான். தாய் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து விற்பனைக்காக இட்டலி அவிப்பார். மகள் மாட்டுங்காவில் உள்ள ஒரு கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி; மகன் எட்டாம் வகுப்பு மாணவன். இருவருக்கும் பொதுவாக ஒரு கைப்பேசி இருந்தது. கணக்குப் பதிவுத் தாள்களையும் ஆய்வேட்டுப் பக்கங்களையும் உள்ளங்கை அளவுத் திரையில் தட்டச்சு செய்து மகள் சலித்துப் போயிருந்தாள். அவள் எழுதும் வேளையில் தம்பியின் பாடம் நின்றுவிடும்.

2025ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், தாய் கட்டிவந்த சீட்டு முடிந்து 40,000 ரூபாய் கைக்கு வந்தது. அத்தொகைக்கு இரண்டு தேவைகள் காத்திருந்தன. மச்சின்மேல் இருந்த தகரக் கூரை துருப்பிடித்துப் பல இடங்களில் ஒழுகியது. மழைக்கு முன் அதனை மாற்ற 15,000 ரூபாய் ஆகும் எனக் கொத்தனார் கூறியிருந்தார். மீதம் 25,000 ரூபாய். கணினி அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கூரை காத்திருக்க வேண்டும்.

செம்பூரில் வாழும் தாய்மாமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மருமகள்மீது அன்பு மிக்கவர். "ஒருமுறைதான் வாங்கப் போகிறோம், கண்ணு. பெரிதாகவே வாங்கிவிடு. 15.6 அங்குலத் திரை, தனி வரைகலை அட்டை, எல்லாம் இருக்கட்டும். ஐம்பத்தைந்தாயிரம் ஆகும். கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தவணையில் கட்டலாம். கூரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

தந்தை உடனே மறுத்துரைக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "மச்சான், அந்த அளவுக்கு நான் பை தைத்திருக்கிறேன். பொருளும் மின்னேற்றியும் சேர்ந்து இரண்டரை கிலோவைத் தாண்டினால், ஆறு மாதத்தில் தோள்வார்த் தையல் விட்டுவிடும். தையலுக்கே அப்படி என்றால் தோளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பின்னர் மகளை நோக்கி, "பையின் வெளித்தோலைப் பார்த்து யாரும் மயங்குவார்கள் அம்மா. நீ உள்தையலைப் பார். முதலில் உனக்கு அதில் என்ன வேலை என்று எழுது" என்றார்.

அன்றிரவு மகள் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களை ஒதுக்கினாள். ஒரு பக்கத்திற்கு 'என்ன வேலை?' என்றும், மறுபக்கத்திற்கு 'எந்த இடம்?' என்றும் தலைப்பிட்டாள். கட்டுரை எழுதுதல், கணக்குத் தாள் தயாரித்தல், இணையவழி வகுப்பு, தம்பியின் பாடம், தமிழில் தட்டச்சு என்பன முதற்பக்கத்தில் இடம்பெற்றன. காணொளித் தொகுப்போ, பெரிய விளையாட்டுகளோ அதில் இல்லை. எனவே, மாமா கூறிய வரைகலை அட்டைக்கு அங்கு வேலையே இல்லாமற் போயிற்று.

இரண்டாம் பக்கம் அவளுக்கே வியப்பளித்தது. கல்லூரி நூலகம், தொடர்வண்டி, தோழியின் வீட்டுத் திண்ணை, இரவில் மச்சு ஆகிய நான்கு இடங்களை எழுதியிருந்தாள். அவற்றுள் மூன்று இடங்களுக்குச் சுமந்து செல்ல வேண்டும். இரண்டு இடங்களில் மின்னிணைப்பு இல்லை. மச்சில் மடியே மேசை. ஆகவே, அவளுக்கு வேண்டிய கணினியின் இலக்கணம் தெளிவாயிற்று: எடை ஒன்றரை கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை மின்னேற்றினால் ஆறு மணிநேரம் இயங்க வேண்டும், நினைவகம் 8 ஜிபி வேண்டும், சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையாக இருக்க வேண்டும். பழைய வகை வன்தட்டில் ஒரு தட்டு இடைவிடாது சுழலும். வண்டியின் குலுக்கல் அதற்கு ஆகாது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. அது விரைவானது, அதிர்வையும் தாங்கும்.

திருநெல்வேலியில் ஆசிரியையாகப் பணியாற்றும் அத்தை மகளிடம் அவள் தொலைபேசியில் பேசினாள். அந்த அக்காள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு அவருக்கு மடிக்கணினி வழங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்டு, 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. ஆயினும், தமிழ்நாட்டில் பயின்ற மாணவர்களுக்கே அத்திட்டம் உரியதாக இருந்தது. பிழைப்புக்காக மாநிலம் கடந்தவர்களின் பிள்ளைகள் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர்கள்.

அக்காளின் அறிவுரை சுருக்கமானது. "பாப்பா, என் கணினி கல்லூரி முடியும்வரை உழைத்தது. முதலில் தளர்வது பேட்டரிதான். அதனை மாற்ற முடியுமா, நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று கேள். திறந்து பழுதுபார்க்க முடியாத பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே."

பிள்ளைகளின் கைக்கு அடங்கும் கணினி என்னும் எண்ணத்திற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்க அறிவியலாளர் ஆலன் கே 1972ஆம் ஆண்டிலேயே, புத்தகம்போல் குழந்தைகள் சுமந்து செல்லத்தக்க கணினி ஒன்றைக் கற்பனை செய்து 'டைனாபுக்' எனப் பெயரிட்டார். அக்காலத் தொழில்நுட்பம் அதற்கு இடந்தரவில்லை. 1981இல் விற்பனைக்கு வந்த 'ஆஸ்பார்ன் 1' கையில் தூக்கிச் செல்லும் கணினி எனப் புகழ்பெற்றது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். 2005இல் நிக்கலஸ் நெக்ரோபோன்டி, 100 டாலருக்குக் குழந்தைகளுக்கான மடிக்கணினி தரும் திட்டத்தை அறிவித்தார். வெயிலிலும் படிக்கத்தக்க திரையும் குறைந்த மின்செலவும் அக்கணினியின் சிறப்புகள். ஆயினும், விலை 200 டாலரை நெருங்கிற்று. இந்தியாவில் 2007ஆம் ஆண்டு அதனை முதலில் கையாண்டவர்கள், மும்பைக்கு அப்பால் ராய்கட் மாவட்டத்தில் உள்ள கைராட் சிற்றூரின் பள்ளிக் குழந்தைகள் ஆவர்.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று இந்திய அரசு 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை அறிமுகம் செய்தது. ஏறத்தாழ 2,250 ரூபாய் விலையுடைய அதனை உலகமே வியந்து நோக்கியது. எனினும், அதன் முதல் வடிவம் வேகத்திலும் மின்கல ஆற்றலிலும் மாணவர்தம் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. விலை மட்டும் குறைந்தால் போதாது. பயன் குறையாதிருக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அடுத்த சனிக்கிழமை தந்தையும் மகளும் மாஹிமில் தொடர்வண்டி ஏறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினர். அருகில் உள்ள லாமிங்டன் சாலை, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி. பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தி விடுவித்த கணினிகளைத் துடைத்துச் செப்பனிட்டு விற்கும் கடைகள் அங்கு உண்டு.

ஒரு கடையில் மூன்று கணினிகள் அவர்கள்முன் வைக்கப்பட்டன. முதலாவது 14,000 ரூபாய். விலை கவர்ந்தது. ஆனால், அதன் செயலி இன்டெல் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடையும் என்று மைக்ரோசாப்ட் முன்னரே அறிவித்திருந்தது. இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையுமே விண்டோஸ் 11ஐ ஏற்கும். லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் பழைய கணினியும் உழைக்கும். எனினும், அவளுடைய கல்லூரிக் கணக்கியல் மென்பொருள் விண்டோஸில் இயங்குவது. ஆகவே, அதனை ஒதுக்கினாள்.

இரண்டாவது, 24,000 ரூபாய் விலையுள்ள புதிய கணினி. பளபளப்பும் குறைந்த எடையும் உடையது. ஆனால், நினைவகம் 4 ஜிபி. சேமிப்பகம் 64 ஜிபி. இரண்டும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பின்னர்க் கூட்ட இயலாது. தந்தை அதனைக் கையில் ஏந்திப் பார்த்து, "வெளித்தோல் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் கூறினார். மகள் புரிந்துகொண்டு புன்னகைத்தாள்.

மூன்றாவது 21,500 ரூபாய். 14 அங்குலத் திரை, எட்டாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி.; எடை 1.4 கிலோ. மூடியில் சிறு கீறல் இருந்தது. தந்தை மூடியைப் பத்து முறை திறந்து மூடிக் கீல்களைச் சோதித்தார். பிறகு இந்தியில், "திருகைக் கழற்றி உள்ளே காட்டுங்கள்" என்றார். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் அடிமூடியைக் கழற்றி, நினைவகச் செருகியையும் மின்கலத்தையும் காட்டினார். இரண்டும் மாற்றத்தக்கவை.

மகள் மின்கல அறிக்கையைக் கேட்டாள். கணினியே அதனைத் தயாரித்துத் தரும். செய்தபோது இருந்த கொள்ளளவு 50 வாட்-மணி. அன்றிருந்த முழுக் கொள்ளளவு 43 வாட்-மணி. எழுத்து வேலைக்குக் கணினி மணிக்கு ஏறத்தாழ 7 வாட்-மணி செலவிடும் எனக் கொண்டால், 43ஐ 7ஆல் வகுக்க ஆறு மணிநேரத்திற்குச் சற்று மிகுதியாக வரும். அவள் குறிப்பேட்டில் எழுதியிருந்ததும் ஆறு மணிநேரமே. கணினியின் தொடரெண் குறித்த பட்டியலும், ஆறு மாதப் பொறுப்புறுதியும் எழுத்து வடிவில் பெற்றனர். மீந்த 3,500 ரூபாயைத் தாய் ஒரு டப்பாவில் இட்டு, 'அடுத்த பேட்டரிக்கு' என்று கூறி மூடினார்.

செம்பூர் மாமா மறுவாரம் வந்தபோது கீறலைக் கண்டு, "பழையதா, கண்ணு?" என்று சற்று வருத்தத்துடன் கேட்டார். மகள் குறிப்பேட்டை அவரிடம் நீட்டினாள். இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு, அவர் கணினியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே கால் கிலோ. வாங்கிய நாள் முதல் அது மேசையைவிட்டு இறங்கியதில்லை" என்று சிரித்தார். அன்று மாலை, கூரைக்குத் தகரம் ஏற்றிய கொத்தனாருக்குக் கீழிருந்து உதவியவரும் அவரே.

அவ்வாண்டு பருவமழை, வழக்கமாகத் தொடங்கும் ஜூன் இரண்டாம் வாரத்திற்கு முன்னதாக, மே 26 அன்றே மும்பையை அடைந்தது. பெருமழையில் மின்சாரம் நின்றது. புதிய தகரத்தின்மேல் மழை முழங்கியது. மச்சில் ஒரு துளியும் விழவில்லை. தம்பி அக்காளின் கணினியை மடியில் வைத்துத் தமிழ்க் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தது. அதற்கெனத் தனியே பொருள் வாங்க வேண்டியதில்லை. கணினியின் அமைப்பில் தமிழைச் சேர்த்தாலே போதும். மழையிருளில், மின்னிணைப்பின்றி, அக்கட்டுரை முடிவுற்றது.

மலிவு என்பது விலைச்சீட்டில் மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதுபட்டால் யார் திருத்துவர், எங்குக் கொண்டு செல்வோம், அதற்காக வீட்டில் எது காத்திருக்க நேரும் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அது தெரியவரும். பொருளின் விலையை விற்பவர் கூறலாம். அதன் தேவையை வாங்குபவர்தாம் அறிந்து கூற வேண்டும்.

எண்ணிப் பார்க்க

1. மகள் கணினிகளின் பட்டியலை எழுதாமல், வேலைகளையும் இடங்களையும் எழுதியதன் பயன் யாது?
2. 'வெளித்தோல் நன்றாக இருக்கிறது' என்று தந்தை கூறியதன் உட்பொருளை விளக்குக.
3. 48 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம், மணிக்கு 8 வாட்-மணி செலவிடும் கணினியை எத்தனை மணிநேரம் இயக்கும்?
4. உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய ஒரு பொருளை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.