கன்னியா: ஏழு கிணறும் ஒரு கடமையும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயா குடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒரு வாரம் நான் ஊரில் இல்லை. காலை நடையில் ஆளைக் காணவில்லையே என்று கோட்டை வாசலில் பலர் கேட்டார்கள். திருகோணமலைக்குப் போயிருந்தேன். "அங்க என்ன சாறே விசேஷம்?" என்றார் ஒரு நண்பர். வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போனேன் என்றதும் சிரித்தார். அவர் இரண்டு வருடத்துக்கு முன் மகனைப் பார்க்க ஜப்பான் போய், ஓயிட்டா மாகாணத்தில் பெப்பு என்ற ஊரில் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்தவர். அந்த ஒரு ஊரில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள், தெருவெல்லாம் ஆவி, ஊர்க்காரர்கள் அந்த ஆவியிலேயே முட்டையும் காய்கறியும் அவிக்கிறார்கள் என்று ஒரு மாதம் எங்களுக்குக் கதை சொன்னவர். "அதை விட்டுட்டா இதுக்குப் போனீங்க?" என்றார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு.

எங்கள் குமரி மாவட்டத்தில் பழவிளை, கோழிவிளை, பெருமாள்புரம் போன்ற இடங்களில் இலங்கை அகதிகள் முகாம்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். 1990க்குப் பிறகு படகில் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நம் பள்ளிக்கூடங்களில் படித்தார்கள். அப்படி என்னிடம் ஆறாம் வகுப்புக்கு வந்தவன் ஒருவன். பெயர் வேண்டாம். முதல் நாள் எழுந்து நின்று "சேர்" என்றான். "சாறே" என்று கூப்பிட்டே பழகிய நம் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் மாற்றிக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் எனக்கு உலகத்தில் "சேர்" என்று கூப்பிடும் ஒரே ஆள் அவன்தான்.

அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது முகாமிலேயே அவனுடைய அம்மம்மா இறந்துபோனார். திருகோணமலைப் பக்கத்துக்காரர். கடைசி நாட்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதானாம்: "என்ர அந்தியேட்டி கன்னியாவில நடக்கவேணும்." நாம் பதினாறாம் நாள் அடியந்திரம் என்போம். அவர்களுக்கு முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி. திருகோணமலைத் தமிழர் அதைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் செய்து குளித்து முழுகுவது வழிவழியாக வந்த வழக்கம்.

அன்றைக்குக் கடல் தாண்டிப் போக முடியுமா? அங்கே யுத்தம். இங்கே மாலைக் கணக்கெடுப்புக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். கடைசியில் குழித்துறைத் தாமிரபரணியில், நாம் ஆடி அமாவாசைக்கு வாவுபலி இடும் அந்த ஆற்றில், கடமையை முடித்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அவன் அம்மா ஆற்றில் முழுகி எழுந்து, "தண்ணி குளிருது சேர், அவ கேட்டது சுடுதண்ணி" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, 2012ல் அவர்கள் ஊர் திரும்பினார்கள். இப்போது அந்த அம்மாவும் போய்விட்டார். அவன் போனில் அழைத்தான். "சேர், அம்மா எங்களை விட்டுப் போயிட்டா. முப்பத்தொண்டு கன்னியாவிலதான் செய்யப் போறன். நீங்கள் வரவேணும்." வருகிறேன் என்றேன்.

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பஸ்ஸில் போனால் அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். வழியில் கந்தளாய்க் குளம். ஒரு சமுத்திரம் போல் கிடக்கிறது. குளக்கோட்டன் கட்டியது என்று தமிழர் சொல்கிறார்கள். அக்கபோதி மன்னன் கட்டியது என்று சிங்களர் சொல்கிறார்கள். குளத்து நீர் இரண்டு பேர் வயலுக்கும் பாய்கிறது.

திருகோணமலையில் முதலில் கோணேசர் கோயில். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்ச்சுகீசியர் 1622ல் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு கோட்டை டச்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963ல். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் பயமில்லாமல் திரிகின்றன. டச்சுக் கம்பெனி என்றதும் எனக்கு நம் ஊர் நினைப்பு வந்தது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கும் டிலனாய் அந்தக் கம்பெனியின் ஆள்தானே. கடல் நம்மைப் பிரித்தது என்று நினைக்கிறோம். பழைய காலத்தில் அது பாதையாகத்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் விடிகாலையில் கன்னியா. நகரத்திலிருந்து அனுராதபுரம் சாலையில் எட்டு கிலோமீட்டர் அளவில், சாலையை விட்டுச் சற்று உள்ளே. பெயரைக் கேட்டாலே கன்னியாகுமரிக்காரனுக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடும்.

பெரிய தீர்த்தக்குளத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு வளைவுக்குள் ஏழு சின்னக் கிணறுகள், சதுரமாகக் கட்டியவை. ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். உள்ளே இறங்குவது கிடையாது. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அதிசயம் என்னவென்றால், அடுத்தடுத்து இருக்கும் ஏழிலும் ஒரே சூடு இல்லை. ஒன்று குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். இன்னொன்று முதல் வாளியில் "ஆ" என்று சொல்ல வைக்கும்.

இதற்கு ஒரு கதை உண்டு. இராவணன் தன் தாயாரின் சிவபூசைக்காகக் கோணமலையையே பெயர்க்கப் பார்த்தானாம். கோயில் பக்கத்துப் பாறைப் பிளவை இன்றும் இராவணன் வெட்டு என்றுதான் சொல்கிறார்கள். அவனைத் தடுக்க விஷ்ணு கிழவர் வேடத்தில் வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்றாராம். அவளுக்குக் கடமை செய்யத் தண்ணீர் வேண்டும் என்று இராவணன் தரையில் ஏழு இடத்தில் குத்த, ஏழு வெந்நீர் ஊற்று பிறந்ததாம். பத்துத் தலை அரக்கன் என்று நாம் பாடத்தில் நடத்தியவன் இங்கே அம்மாவுக்குக் கொள்ளி வைத்த ஒரு மகன்.

பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா, விஞ்ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வெந்நீர் வருவது எரிமலையால். கன்னியாவில் எரிமலை கிடையாது. மழைநீர் பழைய பாறைகளின் வெடிப்பு வழியே வெகு ஆழம் இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அப்படிச் சூடான நீர் வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. வரும் வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் எந்தக் கிணற்றில் எவ்வளவு கலக்கிறதோ அதற்கேற்பச் சூடு மாறும். ஜப்பானில் 1948ல் இயற்றிய சட்டப்படி ஊற்று நீர் 25 டிகிரி இருந்தாலே அது வெந்நீர் ஊற்று. அந்தக் கணக்கில் கன்னியா தாராளமாகத் தேறும். ஆனால் அங்கே குளித்துச் சுத்தமான பிறகுதான் ஊற்றில் இறங்கி உடம்பை ஆற்றுவார்கள். இங்கே ஆற்ற வேண்டியது உடம்பு மட்டும் இல்லை.

கிணறுகளுக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஐயர் வைத்துக் கடமைகள் நடந்தன. பிண்டம் வைக்கும்போது அவன் அம்மா பெயரைச் சொன்னான். பிறகு ஐயரிடம் குனிந்து ஏதோ கேட்டான். அம்மம்மாவின் பெயரும் சொல்லப்பட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. குழித்துறையில் பாதியாக நின்ற கணக்கு அன்றைக்குத்தான் நேரானது.

பிறகு குளியல். நல்ல கூட்டம். தென்னிலங்கையிலிருந்து பஸ்ஸில் வந்த சிங்களக் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒரே சிரிப்பும் கும்மாளமும். இவன் மழித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக வந்து ஓரத்தில் தயங்கி நின்றான். ஒரு வயதான சிங்கள அம்மா அவனைப் பார்த்தார். அவர்கள் வழக்கத்திலும் துக்கத்துக்கு வெள்ளைதான். பேரப்பிள்ளைகளை அதட்டி ஒதுக்கிவிட்டு, தன் கையில் இருந்த வாளியை அவனிடம் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் எனக்குப் புரிந்திருக்காது. அவன் ஏழு கிணற்றிலும் வரிசையாக மொண்டு ஊற்றி முடிக்கும்வரை அந்தப் பிள்ளைகள் சத்தம் போடவில்லை. நானும் துவர்த்தைக் கட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஏழு கிணற்றிலும் ஊற்றிக்கொண்டேன்.

இத்தோடு முடித்தால் நல்ல பதிவாகத்தான் இருக்கும். ஆனால் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

அந்த இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. இன்று இருப்பது இடிபாட்டு மேடு. தொல்லியல் துறை இடத்தை எடுத்துக்கொண்டது. பழைய பௌத்த மடத்தின் எச்சம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எங்கள் பிள்ளையார் எங்கே என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம், கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்ட இடைக்காலத் தடை விதித்தது. அவன் இதையெல்லாம் கோபப்படாமல்தான் சொன்னான். கடைசியில் ஒன்று கேட்டான்: "நாளைக்கு என்ர பிள்ளையள் எனக்கு இஞ்ச வந்து செய்ய விடுவினமோ சேர்?"

அவனுக்கு நான் நம் ஊர்க் கதையைச் சொன்னேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. மண் தமிழ்நாடு, அரண்மனை கேரளம். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரம். நமக்குப் பழகிவிட்டது. ஏன் பழகியது? ஒவ்வொரு நவராத்திரிக்கும் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்து திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறுகிறது. இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். களியக்காவிளை எல்லையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்து எதிர்கொள்கிறார்கள். பலகை எந்த மொழியில் இருந்தாலும், சரஸ்வதி புறப்படும் பாதையை யாரும் அடைக்கவில்லை. அதனால் நமக்குப் பலகை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நமக்கு நடுவே யுத்தம் நடக்கவில்லை. யாரும் படகேறி ஓடவில்லை. போராடிச் சேர்ந்தோம், சிலர் உயிரும் கொடுத்தார்கள். ஆனாலும் பிறகு ஒரே நாட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடிந்தது. அந்த ஊர்க்காரர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் நம் கதை சின்னது. ஆனாலும் ஒன்றை என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஓர் இடம் யாருடையது என்ற வழக்கை நீதிமன்றமும் ஆராய்ச்சியாளரும் நடத்தட்டும். நடத்தத்தான் வேண்டும், நியாயம் கிடைக்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் அந்த இடத்தை உயிரோடு வைத்திருப்பது, அம்மா போன முப்பத்தொன்றாம் நாள் அங்கே வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் மகன்தான். வருவது நின்றுபோனால் எந்தத் தீர்ப்பு வந்தும் பயனில்லை. அவனிடம் இதைத்தான் சொன்னேன்: "நீ வருவதை நிறுத்தாதே. பிள்ளைகளையும் கூட்டி வா. சிரித்து விளையாடவும் கூட்டி வா, கடமைக்கு மட்டும் வேண்டாம்."

அவன் தலையாட்டினான். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் இடியப்பமும் சொதியும் போட்டான். நம் வீட்டு ருசிதான், தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளம்.

போக விரும்புகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் சூட்டு நீர் தாங்காது. நுழைவுச் சீட்டு உண்டு. சோப்பும் எண்ணெயும் வேண்டாம். மாற்றுத் துணியும் ஒரு துவர்த்தும் போதும். குளிக்கும் இடத்தில் வெள்ளை உடுத்து, தலை மழித்து யாராவது ஓரமாக நின்றால், உங்கள் வாளியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சற்று ஒதுங்கி நில்லுங்கள்.